ஒரு பார்ட்டிக்கு மூன்று ஆள் போதும்

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பிறந்தநாள் பார்ட்டி. பாட்டுப் போடுகிற டீஜே ஆட்கள் லொறியில் வந்து இறங்கினார்கள். இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். விருந்துக்கு வந்தவர்களைவிட அவர்கள்தான் கூட. சுழலுகிற லைட், வெட்டி வெட்டி எரிகிற லைட், புகை விடுகிற மெசின் எல்லாம் வந்தன. பிறந்தநாள் பிள்ளைக்கு வயது ஒன்று. புகையைக் கண்டதும் வீரிட்டு அழத் தொடங்கியது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, கேக் வெட்டும் வரைக்கும் எங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தாள்.

அந்தக் கூட்டத்தின் தலைவன் வயர் இழுக்க எங்கள் மதிலடிக்கு வந்தான். என்னைக் கண்டதும், "ஐயா, நீங்களும் அந்தக் காலத்தில பாட்டுப் போட்டனீங்களாம். எத்தனை பேர் போறனீங்கள்?" என்று கேட்டான்.

"மூண்டு பேர்."

"லைட்?"

"முற்றத்துக்கு நாலு, சாப்பாட்டுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு."

அவன் சிரித்தான். சிரித்தவனுக்கு வாயால் சொன்னால் காணாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழையை என் பேத்தி திருத்துவாள். மற்றதைத் திருத்த அவளாலும் ஏலாது, அந்த டீஜேயாலும் ஏலாது.

எனக்குச் சொந்த ஊர் இலங்கைத்துறை. அப்பா கடலுக்குப் போகிறவர். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் கால் வைத்தால் வாந்தி வரும். மீன்பிடிக்கிறவனுக்கு இப்படி ஒரு மகன் பிறந்தது ஊருக்கே பகிடியாகப் போனது. அதனால் பதினைந்து வயதில் திருகோணமலைக்கு வந்து, சந்தைக்குப் பக்கத்தில் லைட்டும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடுகிற ஹமீது நானாவின் கடையில் லைட்டுக் கம்பு தூக்கச் சேர்ந்தேன். கம்பு தூக்கினேன், வயர் சுற்றினேன், குழாய் ஸ்பீக்கரைத் தென்னையில் ஏறிக் கட்டினேன். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன காலத்தில் நான் ரெக்கோட் மேசைக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு கொட்டியாரக் குடாவைச் சுற்றி நான் பாட்டுப் போடாத ஊர் இல்லை. கலியாணம், பெருநாள், கோயில் திருவிழா, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன். ஒரே மாதா கோயில் வளவில் காலையில் வேதப் பாட்டும் பின்னேரம் துள்ளி ஆடுகிற பைலாவும் போட்டு, இரண்டுக்கும் சுவாமியாரிடம் நல்ல பெயர் வாங்கியவன் நான் ஒருவன்தான்.

ஹமீது நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேட்டு, மழையோ வெயிலோ கையில் ஒரு குடை. சத்தத்தை வாடகைக்கு விட்டுப் பிழைத்த அந்த மனிதர் சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. அவர் ஏசுவது பக்கத்தில் நிற்கிறவனுக்கே கேட்காது, ஏச்சு வாங்குகிறவனுக்கு மட்டும்தான் கேட்கும். கடையை விட்டு ஒரு பல்ப் வெளியே போவதென்றால் அதை எடுத்துக் காதோடு வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பார். உள்ளே கம்பி அறுந்திருந்தால் சின்னதாகக் கிலுகிலு என்று கேட்கும். அந்தப் பல்ப்பைத் தனியாக வைத்துவிடுவார். ரெக்கோட்டுகளைத் துடைக்கப் பழைய பட்டுத் துணி ஒன்று வைத்திருந்தார். மையத்திலிருந்து வெளியே துடைக்கக் கூடாது, வளையத்தோடு சுற்றிச் சுற்றித்தான் துடைக்க வேண்டும். விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் பட்டால், "தம்பி, பாட்டைத் தடவாதைங்க, அது பூனைக்குட்டி இல்லை" என்பார்.

கரண்ட் எடுக்கிற லைட் எஞ்சினை வைக்க இடம் பார்ப்பதும் அவர்தான். காற்று எந்தப் பக்கம் போகிறதென்று குடையின் துணியைப் பார்த்துச் சொல்லுவார். புகை சாப்பாட்டுப் பக்கம் போகக் கூடாது, சத்தம் பாட்டுப் பக்கம் வரக் கூடாது. வளவின் மூலையில் மண்ணைக் கொஞ்சம் கிண்டி, எஞ்சினின் கால்களைப் புதைத்து, சுற்றிவர ஈரச் சாக்குப் போடுவோம். பிறகு நானா உள்ளங்கையை எஞ்சினின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பரியாரியார் நாடி பார்ப்பது போலத்தான். "சரி, இவன் சுகமா இருக்கிறான்" என்ற பிறகுதான் வயர் கொடுக்கலாம்.

ஆள் விசயத்தில் நானாவின் கணக்கு மூன்று. எஞ்சினுக்கு ஒருவன், ரெக்கோட்டுக்கு ஒருவன், மாமாமாருக்கு ஒருவன்.

மூன்றாவது ஆள் எதற்கு என்று இந்தக் காலத்துப் பொடியன்களுக்கு விளங்காது. எந்தப் பார்ட்டியிலும் பாட்டுத் தொடங்கினதும் ஒரு மாமா வருவார். சத்தத்தைக் கூட்டச் சொல்லுவார். அவர் போக இன்னொரு மாமா வந்து குறைக்கச் சொல்லுவார். மூன்றாவது மாமா வந்து, தான் கொழும்பில் கேட்ட ஒரு பாட்டைப் போடச் சொல்லுவார். பாட்டின் பெயர் தெரியாது, பாடினவர் பெயர் தெரியாது, ஆனால் கட்டாயம் போட வேண்டும். ரெக்கோட் போடுகிறவன் இவர்களோடு கதைக்க வெளிக்கிட்டால் பாட்டு முடிந்து ஊசி வெறும் தட்டில் கீறிக்கொண்டு கிடக்கும். அதனால் மேசைக்கு முன்னால் ஒருவனை நிறுத்த வேண்டும். எங்களுக்குச் செல்லத்துரை இருந்தான். அவனுக்கு இரண்டு காதும் பாதிதான் கேட்கும். இந்த வேலைக்கு அதைவிடப் பெரிய தகுதி இல்லை. யார் என்ன சொன்னாலும் முகத்தைப் பார்த்து, "ஓம் ஐயா, இப்ப போடுறம்" என்பான். எல்லா மாமாமாரும் திருப்தியாகப் போவார்கள்.

ஆள் கூடினால் என்ன வரும் என்பதை மூதூரில் கண்டோம். ஒரு பெரிய வியாபாரி வீட்டுக் கலியாணம். "பெரிய வேலை, ஆள் காணாது" என்று நான்தான் அடம்பிடித்து ஆட்களைச் சேர்த்து, மொத்தம் எட்டுப் பேராக, நானாவோடும் எஞ்சினோடும் லோஞ்ச் என்கிற மோட்டார் வள்ளத்தில் ஏறினேன். நான் குடாவைத் தாண்டும் வரைக்கும் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தேன், அது வேறு கதை. அங்கே போய் வயர் கட்டி முடிந்ததும் மூன்று பேருக்கு வேலை இருந்தது, ஐந்து பேருக்குப் பசி இருந்தது. பாட்டுக்காரருக்கு முதலில் சாப்பாடு கொடுப்பது அந்த வீட்டு மரியாதை. ஒரு சகன் தட்டைச் சுற்றி நாலு பேர் என்று இரண்டு சகன் வந்தது. முடிந்தது. இன்னும் இரண்டு கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர் பந்திக்கு வந்தபோது புரியாணிச் சட்டியின் அடி தெரிந்தது.

வீட்டுக்காரர் நானாவிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "ஹமீது, பாட்டு எவடத்தில படிக்குது? நான் பாக்கிற பக்கமெல்லாம் உங்கட ஆக்கள் தின்னுறதுதான் தெரியுது."

நானா அன்றைக்கு ஒரு வாழைப்பழத்தோடு எழும்பிவிட்டார். திரும்பி வருகிற லோஞ்சில் என்னைப் பார்க்கவே இல்லை. இறங்குகிறபோது மட்டும் குடையை விரித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, இனி மூண்டு."

அதோடு மூன்றுதான்.

லைட் விசயத்தை நான் கற்றது அந்தோணி அண்ணையின் வீட்டில். கற்றது என்று சொல்வதுகூடச் சரியில்லை. அன்றைக்கு நடந்ததைப் பார்த்து ஊரே கற்றது.

அந்தோணி அண்ணை துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். நல்ல உயரம், நல்ல சத்தம். மனைவி லூர்து அக்கா அவருடைய தோளுக்குக்கூட வரமாட்டார். யப்பான்காரன் துறைமுகத்துக்குக் குண்டு போட்ட யுத்தகாலத்தில், சனம் ஊரை விட்டு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் கலியாணம் செய்தவர்கள். சுவாமியார் அவசரம் அவசரமாகத் தாலி கட்ட வைத்து அனுப்பினாராம். விருந்தில்லை, பாட்டில்லை. அவர்களுடைய வேதக்கார ஆட்களில் கலியாண வீட்டில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் கைகோத்துச் சுற்றி முதல் வால்ஸ் ஆடாமல் சாப்பாடு திறக்கமாட்டார்கள். இவர்கள் ஆடவில்லை. இருபத்தைந்து வருடமாக அந்தோணி அண்ணையின் மனதில் அது முள்ளாகக் கிடந்தது. வெள்ளி விழா வைத்து அந்த வால்ஸை ஆடியே தீருவது என்று முடிவு கட்டிக் கடைக்கு வந்தார்.

"தம்பி, வளவெல்லாம் லைட் எரிய வேணும். துறைமுகத்தில நிக்கிற கப்பல்காரன் பாத்துட்டு என்ன கலியாணமெண்டு கேக்க வேணும்."

"அக்கா ஆடுவாவோ அண்ணை?"

"ஏன் ஆடமாட்டாள்? நான் ஆறு மாதமாக் குசினிக்குள்ள பழக்கிறன். நல்லா ஆடுறாள். ஆனா சனத்துக்கு முன்னால ஆட ஏலாதெண்டு நிக்கிறாள். நீ நல்ல பாட்டாப் போடு, அவள் எழும்புவாள். எழும்பாட்டி எனக்கு இந்தப் பார்ட்டியே தேவையில்லை."

ஹமீது நானா என்னைப் பார்த்தார். "இந்த வேலையை நீங்க தனியப் பாருங்க தம்பி" என்றார். நானா இல்லாமல் நான் போன முதல் வேலை அது. அக்காவை எழுப்ப வேண்டியது இப்போது என் பொறுப்பு.

வளவுக்குப் போனோம். நான், செல்லத்துரை, எஞ்சினுக்கு லத்தீப். சொன்னபடி லைட் கட்டினோம். மாமரம், வேலி, கிணற்றடி, பந்தல் என்று ஒரு இடம் மிச்சமில்லை. இருந்தாலும் எஞ்சின் தாங்கியது. பிறகுதான் அக்கம்பக்கம் வரத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கரண்ட் இல்லை. ஒரு வீட்டுக்கு லைட் எஞ்சின் வந்தால், அன்றைக்குச் சுற்றியுள்ள வீடெல்லாம் வேலியால் ஒரு வயர் இழுத்து ஒரு பல்ப் எரிப்பது வழக்கம். அதை மறுக்க ஏலாது. ஏனென்றால் பார்ட்டிக்கு வருகிறவர்கள் இருக்கக் கதிரை தருவது அந்த வீடுகள்தான். கதிரை இந்தப் பக்கம் வரும், வெளிச்சம் அந்தப் பக்கம் போகும். இதை யாரும் பேசி எழுதி வைத்ததில்லை. எல்லாருக்கும் தெரியும்.

அந்தோணி அண்ணை பெரிய விருந்து வைத்ததால் நிறையக் கதிரை கேட்டிருந்தார். அதனால் நிறைய வயர் வந்தது. முன்வீட்டு இராசரத்தினம் மாஸ்டர் மட்டும் ஒரு டசின் கதிரை தந்து, அறைக்கு ஒன்று, விறாந்தைக்கு ஒன்று, கோழிக்கூட்டுக்கு ஒன்று என்று பல்ப் மாட்டியிருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ரெக்கோட் சுற்றுகிற மோட்டரும் அதே எஞ்சினில்தான் ஓடுகிறது. எஞ்சினுக்குப் பாரம் கூடினால் அது களைக்கும். அது களைத்தால் ரெக்கோட் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் பாடுகிற பெண்ணின் குரல் ஆணின் குரலாகும். இன்னும் ஒரு பல்ப் ஏறினால் அந்த ஆணுக்குச் சளியும் தடிமனும் பிடிக்கும். இது எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை, அன்றைக்குக் காதால் கேட்டேன்.

பொழுதுபட்டது. விருந்தாளிகள் வந்தார்கள். வளவைச் சுற்றி வட்டமாகக் கதிரை போட்டு, கோயிலில் பூசைக்கு இருப்பது போல எல்லாரும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். நடுவில் வெறும் முற்றம். அந்த முற்றத்தில் ஒரு எறும்பு போனாலும் தெரியும், அவ்வளவு வெளிச்சம். லூர்து அக்கா வெள்ளைச் சேலையோடு ஒரு கதிரையில் ஒட்டிக்கொண்டு இருந்தார்.

முதல் பாட்டைப் போட்டேன். பெண் பாடகி. கரகரத்த கிழவர் ஒருவர் பாடினார்.

ஒரு மாமா எழும்பி வந்தார். "தம்பி, படிக்கிற ஆளுக்குச் சுகமில்லையோ?"

"ஓம் ஐயா, இப்ப போடுறம்" என்றான் செல்லத்துரை.

அந்தோணி அண்ணை கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மனைவிக்கு முன்னால் போய்க் கையை நீட்டினார். வளவு முழுக்க அந்தக் கையைப் பார்த்தது.

"எழும்பு லூர்து."

"எல்லாரும் பாக்கினம். போங்கோ அங்கால."

"பாக்கத்தானே கூப்பிட்டது!"

"அப்ப நீங்களே ஆடிக் காட்டுங்கோ."

பெண்கள் சிரித்தார்கள். அண்ணை திரும்பி என் மேசைக்கு வந்தார். சாராயமும் குடித்திருந்தார், கண்ணும் கலங்கியிருந்தது. எதனால் கலங்கியது என்று சொல்ல ஏலாது. "வால்ஸைப் போடு" என்றார். போட்டேன். அது செத்த வீட்டுக்குப் போகிற பாட்டுப் போல இழுபட்டது. கையை நீட்டிக்கொண்டு மறுபடியும் போனார். அக்கா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

அப்போது வாசல் படலையடியில் குடை ஒன்று தெரிந்தது. தனியப் பாருங்க என்று சொன்ன மனிதருக்கு வீட்டில் இருக்க ஏலவில்லை. ஹமீது நானா நேரே எஞ்சினடிக்குப் போய் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்தார். பிறகு என்னிடம் வந்து காதுக்குள் சொன்னார்:

"இவனுக்கு மூச்சு வாங்குது தம்பி. அந்தக் கோழியெல்லாம் வெளிச்சத்தில இருந்து என்ன வாசிக்குதுகள்?"

அவ்வளவுதான் சொன்னார். வயரைக் கழற்று என்று சொல்லவில்லை. முடிவெடுத்தது நான். நேரே வேலியடிக்குப் போய், அக்கம்பக்கத்து வயரெல்லாம் சேருகிற முடிச்சை ஒரே இழுவையில் கழற்றினேன்.

இப்படி ஒரே இழுவையில் கழற்றினால் என்ன நடக்கும் என்பதை இந்த ஊரில் முதலில் செய்து காட்டியவன் நான்தான். பாரம் இறங்கினதும் எஞ்சின் கயிறு அறுத்த காளை மாதிரிப் பாய்ந்தது. லத்தீப் "வாப்போ!" என்று கத்திக்கொண்டு அதன் மேல் விழுந்தான். வளவிலிருந்த பல்ப்புகள் வெள்ளை வெளேரென்று ஒருமுறை எரிந்து, மாமரத்திலிருந்து வேலி வரைக்கும் படபடவென்று போயின. லத்தீப் எஞ்சினை அடக்கியபோது என் மேசைப் பல்ப்பும் சாப்பாட்டுப் பக்கத்துப் பல்ப்பும் மட்டும்தான் மிச்சம். முற்றத்தில் ஆள் ஆளாகத் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

பிறகு இராசரத்தினம் மாஸ்டரின் குரல் வேலிக்கு மேலால் வந்தது.

"அந்தோணி! என்ர வீட்டு லைட் எங்க?"

"எஞ்சினில ஏதோ பிழை மாஸ்டர், கொஞ்சம் பொறுங்கோ."

"லைட் இல்லையெண்டா என்ர கதிரையும் இல்லை!"

சொன்னதோடு நிற்கவில்லை. மனிதர் இரண்டு மகன்மாரோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார். மாஸ்டரின் கதிரைகளுக்குப் பின்னால் பச்சைப் பெயின்ற் கோடு இருக்கும். இருட்டில் தடவித் தடவி, "எழும்புங்கோ ஐயா, இது எங்கட… எழும்புங்கோ அக்கா" என்று ஒவ்வொன்றாக உருவினார். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் பின்வீட்டுக்காரர். கொஞ்ச நேரத்தில் வளவில் ஒரு கதிரை இல்லை. அவ்வளவு பேரும் நடு முற்றத்தில் எழும்பி நிற்கிறார்கள்.

அந்தோணி அண்ணை என் சேட்டைப் பிடித்தார். "இருபத்தைஞ்சு வருசம் பொறுத்திருந்து ஒரு பார்ட்டி வச்சன். லைட்டும் போச்சு, கதிரையும் போச்சு! நீ பாட்டுப் போட வந்தனியோ, வீடு உடைக்க வந்தனியோ?"

செல்லத்துரை இடையில் வந்து அவருடைய முகத்தைப் பார்த்து, "ஓம் ஐயா, இப்ப போடுறம்" என்றான்.

வேறு என்ன செய்ய? போட்டேன். வால்ஸ் தட்டை எடுத்து, பட்டுத் துணியால் சுற்றித் துடைத்து, ஊசியை வைத்தேன். பாரமில்லாத எஞ்சின், பாட்டு அப்படியே அச்சொட்டாக வந்தது. தட்டில் பாடின பெண் அன்றைக்கு முதல் தடவையாகப் பெண் குரலில் பாடினாள்.

நின்றுகொண்டு வால்ஸ் கேட்பது கஷ்டம். முதலில் கால் ஒன்று அசையும், பிறகு தோள் அசையும். யாரோ இரண்டு பேர் சுற்றத் தொடங்கினார்கள். பிறகு இன்னும் இரண்டு பேர். பார்க்க இருந்தவர்கள் என்று ஒருவரும் இப்போது இல்லை, ஏனென்றால் இருக்க இடமில்லை. அண்ணை என் சேட்டை விட்டார். சனத்துக்குள் தேடிக்கொண்டு போனார்.

லூர்து அக்காவின் குரல் மட்டும் கேட்டது. "இருக்கவும் இடமில்லை. சும்மா நிண்டு என்ன செய்யிறது? சரி, வாங்கோ."

எஞ்சினடியில் நின்ற ஹமீது நானா குடையைச் சுருக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பாட்டுப் பாதியில் இருக்க அக்கா திரும்பவும் கூப்பிட்டார்.

"தம்பி! ஒரு லைட்டைப் போடுங்கோ இஞ்ச."

மேசையிலிருந்து எழும்பினேன். "ஏனக்கா, என்ன நடந்தது?"

"இந்த மனுசன் என்ர காலை மிதிக்கிறார். எந்தக் காலால மிதிக்கிறாரெண்டு பாக்க வேணும்."

என் மேசைப் பல்ப்பைக் கழற்றி வயரோடு கொண்டுபோய் மாமரக் கொப்பில் தொங்கவிட்டேன். மஞ்சள் வெளிச்சம் இரண்டு பேரின் காலடியில் மட்டும் விழுந்தது. சுற்றி ஆடினவர்கள் இடம் விட்டார்கள். எல்லாரும் பார்த்தார்கள். அக்கா பார்க்கிறவர்களைப் பார்க்கவில்லை, குனிந்து புருசனின் சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடக்கால். குசினிக்குள்ள என்ன சொல்லித் தந்தனீங்கள்? வலக்கால்தானே முதல்?"

"ஓம், வலக்கால்தான்."

"அப்ப ஏன் இடக்கால் வந்தது?"

"குசினி சின்னன் லூர்து. இஞ்ச இடம் கூடிப்போச்சு."

பாட்டு முடிந்தது. அண்ணை கையை விடப் பார்த்தார். அக்கா விடவில்லை. செருப்பைக் கழற்றி மாமரத்தடியில் எறிந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, அதையே போடுங்கோ. முதலில இருந்து."

போட்டேன். முடிய, திரும்பவும் போடச் சொன்னார். அதற்குப் பிறகும் சொன்னார். சாப்பாடு திறந்தது, சனம் போய்ச் சாப்பிட்டது, முற்றத்தில் அவர்கள் இரண்டு பேரும்தான். நானும் அந்த ஒரு தட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சுற்றில் அந்தோணி அண்ணை என் மேசைப் பக்கம் வந்தபோது, மனைவியின் தலைக்கு மேலால் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, கதிரை ஏதும் மிச்சமிருக்கோ? எனக்குக் கால் நோகுது."

"ஒண்டும் இல்லை அண்ணை" என்றேன். ஊசியை எடுத்து மறுபடியும் தொடக்கத்தில் வைத்தேன்.